'சாலமோன் முத்திரை': ஒரு பயிற்சித்தாளும் ஒரு தவறான திருத்தமும்

பலபொருள் ஒருசொல்லுக்கு எடுத்துக்காட்டு என்று ஒரு பயிற்சித்தாளில் 'சாலமோன் முத்திரை' வந்திருந்தது. ஒன்று, இரு முக்கோணங்கள் பின்னிய மந்திரச் சின்னம். மற்றொன்று, காட்டுச் செடி. விடைக்குறிப்பும் அதையே சொன்னது. என் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் 'உவமையாகுபெயர்' என்று எழுதினாள். குறிப்பைப் பார்த்து நான் தவறு போட்டுவிட்டேன். "ஏன் டீச்சர் தப்பு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

முதலில், இது ஒருசொல்லே இல்லை. இரு சொற்கள் சேர்ந்த தொடர். அதை விடுங்கள். செடியைப் பார்ப்போம். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கக் காடுகளில் மரநிழலில் வளரும் பாலிகொனேட்டம் இனம் இது. வளைந்த தண்டில் வெள்ளைப் பூக்கள் மணிபோலத் தொங்கும். பெயருக்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கிழங்குபோல் படரும் அடித்தண்டில், ஒவ்வோர் ஆண்டும் மேல்தண்டு பட்டு விழுந்த இடத்தில் வட்டத் தழும்பு விழும். அரக்கில் முத்திரை குத்தியமாதிரி இருக்கும். தழும்புக்கு முத்திரை என்பது உவமையாகுபெயர். அந்தத் தழும்பின் பெயர் முழுச்செடிக்கும் ஆகிவருவது, 'வெற்றிலை நட்டான்' என்பதுபோலச் சினையாகுபெயர். ஆக, இருமடியாகுபெயர் என்பதே நிறைவான விடை. மாணவி பாதி வழி சரியாகவே வந்திருக்கிறாள். விடைக்குறிப்பு அந்த அளவுகூட வரவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். 1597இல் ஜான் ஜெரார்டு வெளியிட்ட மூலிகை நூல் வேறு காரணம் சொல்கிறது: இதன் கிழங்கு காயத்தை 'முத்திரையிட்டு' மூடுமாம். அதை ஏற்றால் தழும்பு உவமைக்கு இடமில்லை. காரணம் மாறினால் இலக்கணமும் மாறுகிறது.

சின்னத்தைப் பற்றியும் தாள் பாதிதான் சொல்கிறது. ஜின்களை அடக்கிய சுலைமான் நபியின் மோதிரம் என்பது அரபு மரபு. அம்முத்திரையை ஆறு முனையிலும் வரைந்தார்கள், ஐந்து முனையிலும் வரைந்தார்கள். மொரோக்கோ கொடியின் பச்சை நட்சத்திரத்துக்கு ஐந்து முனைதான். நம் முருகன் யந்திரத்திலும் அறுகோணம் உண்டு. அதை யாரும் சாலமோன் முத்திரை என்பதில்லையே!

நம் மாணவர்களுக்கு நாகலிங்கப்பூவைக் கொடுத்திருக்கலாம். தென் அமெரிக்க மரம்; பூவில் லிங்கத்தையும் பாம்புப் படத்தையும் கண்டு நம்மவர்கள் வைத்த பெயர். காரணம் கண்ணெதிரே இருக்கிறது.

மறுநாள் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். "அப்ப ஜெரார்டு சொன்னது பொய்யா டீச்சர்?" என்று ஆரம்பித்தாள். அந்தப் பாடவேளை முழுக்க அதிலேயே போய்விட்டது.