செவிவழி வந்த ஒரு குற்றப் புதினம்

துப்பறியும் கதை என்றவுடன் முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அத்தகைய கதையைச் சங்க மலரில் ஆராய்வது தகுமோ என்று வினவுவோரும் உண்டு. ஆயினும், ஒரு நூலைக் கேட்டோர் இரு கூறாகப் பிரிந்து வழக்காடுவராயின், அவ்வழக்கின் வேரைத் தேடுவது திறனாய்வின் கடமையே ஆகும். சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் எழுதிய ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’ என்னும் புதினத்தின் ஆங்கில ஒலிநூல் அவ்வாறு வழக்குக்கு உள்ளான ஒன்று. அலுவலகத்திற்கு மெட்ரோ ரயிலில் நெடுந்தொலைவு செல்லும் தலைநகரத் தமிழர்க்கு நூலைக் காதால் கேட்பது இன்று பழகிய வழக்கமாகிவிட்டது. ஆகவே இவ்வாராய்ச்சி நமக்கு அயலானதன்று.

நூலும் ஆசிரியரும்

லார்சன் ஓர் இதழாளர். தீவிர வலதுசாரிக் குழுக்களை ஆராய்ந்து வெளிப்படுத்திய ‘எக்ஸ்போ’ இதழை 1995-இல் தொடங்கியோருள் ஒருவர். 2004-இல், தம் 50-ஆம் அகவையில், மாரடைப்பால் மறைந்தார். புதினம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 2008-இல் வந்தது. அதனை 16 மணி நேரத்திற்கும் மேலாக நீளும் ஒலிநூலாகப் படித்தளித்தவர் ஆங்கிலேயரான சைமன் வான்ஸ்.

கதைக்கரு எளியது. அவதூறு வழக்கில் தோற்றுத் தண்டனை பெற்ற இதழாளர் மிக்கேல் புளோம்க்விஸ்ட்டை, ஹென்றிக் வாங்கர் என்னும் முதிய தொழிலதிபர் அழைக்கிறார். 1966-இல், 16 வயதில், தீவொன்றிலிருந்து காணாமற்போன ஹாரியட் என்னும் பெண்ணுக்கு நேர்ந்தது யாது என்று கண்டறியுமாறு வேண்டுகிறார். இத்தேடலில் துணைநிற்பவள் லிஸ்பெத் சாலண்டர் என்னும் இளம்பெண். அவளுக்கெனச் சட்டப்படி அமர்த்தப்பட்ட காப்பாளரே அவளைச் சிதைக்கிறார். முடிவை ஈண்டுக் கூறுதல் முறையன்று.

கேட்டோர் கூறும் குறைகள்

நம் நண்பர் வட்டத்தில் இதனைக் கேட்டோர் கூறிய குறைகள் மூன்று. முதலாவது, கதை சூடுபிடிக்க நெடுநேரம் ஆகிறது என்பது. பங்குச் சந்தை, இதழ் நடத்தும் சிக்கல், வழக்கு என்று தொடக்கம் நீள்கிறது. இக்குறை நியாயமானதே. அச்சு நூலில் நாம் விரைந்து தாண்டிவிடும் பக்கங்களைக் குரல் ஒரே நடையில் படித்துச் செல்லும். மேலும், புதிர் அவிழ்ந்த பின்னரும் நிதி மோசடிக் கதை தனியே நெடுந்தூரம் ஓடுகிறது.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். ஹென்றிக், ஹரால்ட், ஹாரியட் என்று ஒரே ஒலியில் தொடங்கும் பெயர்கள் ஒரு குடும்பத்திலேயே வருகின்றன. அச்சு நூலில் வாங்கர் குடும்பத்தின் வழிமரபு வரைபடம் உண்டு. ஐயம் எழுந்தால் புரட்டிப் பார்க்கலாம். செவிக்கு அவ்வசதி இல்லை. யார் யாருக்குத் தம்பி, யார் யாருக்கு மகள் என்று தெளிவதற்குள் ரயில் இரண்டு நிலையங்களைக் கடந்துவிடுகிறது. இதனையும் நாம் ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாவதே தலையாய குறை. “இவ்வளவு கொடுமையைக் காதால் கேட்க இயலவில்லை, குடும்பத்தார் கேட்கத் தகாதது” என்று ஒருவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அதே கொடுமைக் காட்சிக்காகவே நூலை உயர்வாகப் பேசினார் ஓர் அம்மையார். “நம் வீடுகளில் இதைப் பற்றி வாய் திறப்பவர் யார்? இந்நூலாவது திறந்ததே” என்பது அவர் வாதம். நூலைப் பற்றிய மெய்யான வழக்கு இங்கேதான் இருக்கிறது.

கண்ணும் செவியும்

ஒரே காட்சி, அச்சில் படித்தோரைக் காட்டிலும் கேட்டோரை மிகுதியாக வருத்துவது ஏன்? கண்ணுக்கு இமை உண்டு, செவிக்கு இல்லை. படிப்பவர் கொடுமை வரும் என்று உணர்ந்ததும் வரிகளைத் தாவிச் செல்கிறார். தம்மை அறியாமலேயே வேகத்தைக் கூட்டுகிறார். கேட்பவர் சொல்பவரின் வேகத்திற்குக் கட்டுப்பட்டவர். அடுத்த சொல் வரும்வரை காத்திருந்தே தீரவேண்டும். செவிக்கருவியை மாட்டிக்கொண்டால் அக்குரல் வேறொருவர் அறியாத தனிமையில் நமக்குள்ளேயே ஒலிக்கிறது.

இந்நிலையில் படிப்பவர் பொறுப்புப் பெரிது. அழுகையும் அலறலும் கலந்து நாடகம் ஆடியிருந்தால், அக்காட்சி கிளர்ச்சியூட்டும் மலிவுப் பண்டமாகத் தாழ்ந்திருக்கும். சைமன் வான்ஸ் அவ்வாறு செய்யவில்லை. அறிக்கை படிப்பவர் போல அடங்கிய குரலில் சொல்லிச் செல்கிறார். உணர்ச்சியற்ற வாசிப்பு என்று சிலர் இதனைக் குறை கூறினர். நாம் அவ்வாறு கருதவில்லை. லார்சனின் நடையே இதழாளரின் நடை. குரலும் அதற்கு இசைந்து நிற்கிறது. ஆனால் ஒன்று: சாலண்டர் மிகக் குறைவாகப் பேசுபவள். அவளுடைய சுருக்கமான சொற்கள் ஆடவர் குரலில் வரும்போது அவற்றின் கூர்மை சற்று மழுங்குகிறது. பெண் ஒருவர் இப்பகுதிகளைப் படித்திருக்கலாம் என்று கூறியோர் பக்கமே நாமும் நிற்கிறோம்.

தேவையான கொடுமையா?

இதற்கு விடை நூலின் தலைப்பிலேயே உள்ளது. சுவீடிய மொழியில் இந்நூலின் பெயர் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ என்று பொருள்படும். ஆங்கிலப் பெயர் அக்குற்றச்சாட்டை மறைத்து, சாலண்டரின் உடலில் உள்ள பச்சைக்குத்தலை முன்னிறுத்தியது. ஆங்கிலப் பெயரை நம்பி விறுவிறுப்பை நாடி வந்தவர் அதிர்ச்சியுற்றதில் வியப்பில்லை. நூலின் ஒவ்வொரு பாகத்தின் முகப்பிலும் பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஒரு புள்ளிவிவரத்தை லார்சன் வைத்துள்ளார். முதற் பாகத்தில், சுவீடனில் 18 விழுக்காட்டுப் பெண்கள் ஆடவரின் அச்சுறுத்தலுக்கு ஆளானவர் என்கிறார். இறுதிப் பாகத்தில், பாலியல் வன்முறைக்கு உள்ளானோருள் 92 விழுக்காட்டினர் அண்மையில் தமக்கு நேர்ந்ததைக் காவல்துறையிடம் கூறவில்லை என்கிறார். சாலண்டரும் கூறாதவளே. சொன்னாலும் கேட்பார் இல்லை என்பது அவள் துணிபு.

கேட்பாரற்ற ஒரு பெண்ணின் கதையை, இறுதிவரை கேட்டே தீரவேண்டிய வடிவில் ஒலிநூல் நம்மிடம் சேர்க்கிறது. நண்பர் பாதியில் நிறுத்தியது அவர் உரிமை. மென்மையான உள்ளத்தின் அடையாளமும் ஆகலாம். ஆனால் ‘குடும்பத்தார் கேட்கத் தகாதது’ என்னும் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்து, அடுத்த வீட்டார் பெயர்கூட அறியாமல் அடுக்ககங்களில் வாழும் நம் குடும்பங்களில், ஒரு பெண் தன் துன்பத்தைச் சொல்ல நினைத்தால் யாரிடம் சொல்வாள் என்னும் கேள்வி எளிதானதன்று.

சிறுவர் இருக்கும் கூடத்தில் இவ்வொலிநூலை ஒலிக்கவிடலாகாது, அதில் ஐயமில்லை. வளர்ந்தோர், தொடக்கத்தின் நீளத்தைப் பொறுத்து, பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு கேட்பாராக. கேட்டபின் கணவனும் மனைவியும், தந்தையும் வளர்ந்த மகளும் அதனைக் குறித்துச் சற்றே பேசுவாராயின், செலவிட்ட 16 மணி நேரம் வீணாகாது.