சக்கர வீட்டின் சாய்ப்பு: ஒரு திறனாய்வு

நிழலுக்கு அளவுகோல் தேடுபவர் மணமேல்குடியிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே ஆவுடையார்கோவில் இருக்கிறது. அங்கே ஆத்மநாதர் கோயிலின் கொடுங்கையில் மரச்சட்டமும் குறுக்குச்சட்டமும் ஆணித்தலையும் கருங்கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. கல் தகடாய் மெலிந்து, வெளியே வளைந்து நிற்கிறது. ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என்பது தலைமுறைகளாக வழங்கும் செய்தி. சுவரைத் தாண்டி நீளும் எந்தக் கூரைக்கும் சிக்கல் ஒன்றுதான்: பிடி ஒரு பக்கம், சுமை மறுபக்கம். கல் அதைத் தன் எடையால் தீர்த்துக்கொண்டது. கீற்றுப் பந்தல் காற்றைத் தன் இடுக்குகள் வழியே போகவிட்டுத் தீர்த்துக்கொள்கிறது. இடுக்கும் இல்லாமல் எடையும் இல்லாமல் நீளும் துணி எப்படித் தீர்த்துக்கொள்கிறது?

மோட்டார் வீட்டின் பக்கவாட்டில் பொத்தானை அழுத்தினால் விரியும் ‘ஆனிங்’கிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். சினிமாப் படப்பிடிப்பால் கேரவன் நமக்குப் பழக்கமான வண்டிதான். 2021-இல் கேரளம் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு அதைக் குடும்ப வண்டியாகவும் எண்ணத் தொடங்கினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, மணமேல்குடிக் கோடியக்கரைப் பக்கம் நிறுத்தி, பாயை விரித்து உட்காரும் ஆசை நியாயமானது. நம் வழக்கில் அது ஒரு சாய்ப்பு. நிழற்பாய் என்றே இனிச் சொல்கிறேன்.

அமைப்பில் இரண்டு மரபுகள். அமெரிக்க மரபில் வண்டிச் சுவரில் பொருத்திய இரு பக்கக் கைகள் உருளையை வெளியே தள்ளும். துணியின் இழுவிசையை உருளைக்குள் இருக்கும் சுருள்வில் காக்கும். ஐரோப்பிய மரபில் துணியும் மடக்குக் கைகளும் ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கும். விரிந்தபின் முன்சட்டத்திலிருந்து இரண்டு கால்களை இறக்கித் தரையில் ஊன்ற வேண்டும். பக்கக்கை வகைக்குக் கால் தேவையில்லை, ஆனால் காற்றில் ஊசலாடும். பெட்டி வகை ஊன்றி நிற்கும், ஆனால் ஊன்ற ஆள் வேண்டும். இரண்டும் தத்தம் தர்க்கத்துக்குள் முழுமையானவை. அந்தத் தர்க்கத்தில் 12 வோல்ட் மோட்டார் நுழையும்போதுதான் நம் மதிப்பீடு தொடங்குகிறது.

மோட்டாரின் சாதனை விரிப்பதில் இல்லை. விரிக்க அவசரம் யாருக்கும் இல்லை. மூடுவதில் இருக்கிறது. ஆடி, ஆவணி மாலைகளில் இந்தக் கரையில் மேற்கே கறுத்தால், முதல் துளிக்கு முன்னால் புழுதிக் காற்று வந்துவிடும். அப்போது அரை நிமிட அளவில் பாய் சுருண்டு ஒடுங்குவது உண்மையான பயன். கைச்சுழற்சி அந்த வேகத்துக்கு வராது. வயதானவரும் தனியாளும் பயமின்றிக் கையாள முடிகிறது. பல மாதிரிகளில் வண்டியின் சாவியைத் திருப்பியதும் பாய் விரியாதபடி மின்னிணைப்பு தடைபடுகிறது. ஓடும் வண்டியில் பாய் தவறுதலாக விரிவதை இது தடுக்கிறது. இவ்வளவும் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டிய சிறப்புகள்.

குறை காற்றைக் கையாளும் முறையில் இருக்கிறது. நான்கு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள பாய் 10 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதை முழுமுகமாகத் தாக்கினால் விசை ஏறக்குறைய 60 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, அதாவது கால் டன்னுக்கு அருகில். அது மேலிருந்து அழுத்தினால் சுமை கைகளில் இறங்கும். அடியில் புகுந்து தூக்கினால் சுவரில் இருக்கும் திருகுகள்தான் தாங்க வேண்டும். பாய்மரக் காலத்துப் படகோட்டிகள் காற்று மிஞ்சினால் பாயின் கயிற்றை இளக்கிவிடுவார்கள். பாய் காற்றுக்கு வழிவிடும். நிழற்பாய்க்கு இளகத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு சுருள்வது.

அந்தச் சுருளலைத் தானே தொடங்கத்தான் காற்றுணரி வந்தது. பெரும்பாலானவை காற்றின் வேகத்தை அளப்பதில்லை. முன்சட்டத்தின் குலுக்கத்தை அளக்கின்றன. குலுங்கிய பிறகே கட்டளை பிறக்கும் என்பது முதல் குறை. அதைவிடப் பெரிய முரண் இன்னொன்று. காற்றுக்குப் பாதுகாப்பாகக் கால்களை ஊன்றி, முளையடித்து, பட்டை கட்டச் சொல்கிறார்கள். கட்டிய பாயை எந்த உணரியும் சுருட்ட முடியாது. சுருட்ட முயன்றால் மோட்டார் தன் கையையே வளைத்துக்கொள்ளும். கட்டாமல் விட்டால் உணரி வேலை செய்யும், ஆனால் அதுவரை பாய் காற்றின் கையில். இரண்டு மருந்துகள், ஒன்றை ஒன்று முறிப்பவை. இத்தனைக்கும் கோடியக்கரை மணலில் முளை நிற்பதே அரிது. மோட்டார் பொருத்திய பெட்டி வகையில் இந்த முரண் முழுமை பெறுகிறது: பொத்தான் பாதி வேலை செய்கிறது, கால்களை மடக்கும் மீதி வேலை மனிதருடையது. ஆள் இல்லாத நேரத்துக்கென்று உணரியை விற்றுவிட்டு, ‘ஆள் இல்லாதபோது விரித்து வைக்காதீர்’ என்று கையேட்டில் எழுதுவது நேர்மையான எச்சரிக்கை. வடிவமைப்பின் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமும் அதுவே.

மழைக்கான ஏற்பாடு இதைவிடத் தெளிவு. ஒரு கையைத் தாழ்த்திச் சரிவு கொடுத்தால் நீர் ஓடிவிடும். சரிவில்லாமல் ஒரு சென்டிமீட்டர் ஆழம் தேங்கினால் சதுர மீட்டருக்கு 10 கிலோ. சில மாதிரிகளில் சுமை ஏறியதும் கை தானே தாழ்ந்து நீரைக் கொட்டுகிறது. எளிய பொறி, மின்சாரம் கேட்காத பொறி. மொத்த அமைப்பிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பராமரிப்பில் இந்தக் கரை கடுமையான தேர்வாளர். நண்பர் ஒருவரின் வண்டியில், கடலோரம் மூன்று வாரம் நின்ற பிறகு, கையின் மூட்டைப் பார்த்தேன். அலுமினியத்தில் எஃகுத் திருகு இறங்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி, விரலால் தேய்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. இரு உலோகங்களும் உப்பீரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். மூட்டில் யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள். எண்ணெயில் மணல் ஒட்டி, மூட்டு அரைக்கும் கல்லாகிவிட்டிருந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, உலர்ந்தபின் பிசுபிசுக்காத சிலிக்கோன் தெளிப்பு போடுவதே முறை. துணிக்கு மென்மையான சோப்பும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். பெட்ரோல், தின்னர் வகைகள் ஆகவே ஆகா. ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் ஓரிரு நாளுக்குள் மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லையெனில் பூஞ்சணம் பிடிக்கும்.

துணித் தேர்வில் வினைல் மழையை முழுதாகத் தடுக்கிறது. ஈரத்தையும் முழுதாகச் சிறைவைக்கிறது, நம் வெயிலில் நாளடைவில் விறைத்து வெடிக்கிறது. இழையிலேயே சாயம் ஏறிய அக்ரிலிக் மூச்சுவிடுகிறது, நிறம் காக்கிறது; நீர் தேங்கினால் கசியும். கசிவைச் சரிவால் சமாளிக்கலாம், வெடிப்பைச் சமாளிக்க முடியாது. இங்கே அக்ரிலிக்தான்.

மின்சாரம் போனால் என்ன என்பதே கடைசித் தேர்வு. மின்கலம் இறங்கினாலும் ஃப்யூஸ் போனாலும் பாய் திறந்தபடி நின்றுவிடும். கையால் சுருட்ட வழி உண்டு. ஆனால் பல மாதிரிகளில் அந்த வழி உருளையின் முனையில், தலைக்கு வெகு மேலே, ஒரு மூடியைக் கழற்றி டிரில்லைப் பொருத்தும் இடத்தில் இருக்கிறது. அது தேவைப்படும் நேரமோ காற்றடிக்கும் நேரம். அந்தக் காற்றில் ஏணி மேல் நிற்கச் சொல்லும் வடிவமைப்புக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

எனவே என் வரிசை இது. கைச்சுழற்சியால் இயங்கும் பெட்டி வகை முதலிடம்: மெதுவானது, ஆனால் தன் வாக்குறுதியோடு ஒத்துப்போகிறது, கட்டச் சொன்னால் கட்டலாம், சுருட்டத் தரையில் நின்றே சுழற்றலாம். மோட்டார் பக்கக்கை வகை, அக்ரிலிக் துணியோடும் எட்டும் உயரத்தில் கைவழியோடும் வந்தால் அதற்குச் சமமாக நிற்கும். கைவழி எட்டாவிட்டால் இரண்டாமிடம். மோட்டார் வைத்த பெட்டி வகை இந்தக் கரைக்குத் தேறவில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை எந்த வகையும் விரியாமல் இருப்பதே சரி; 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளையே வேரோடு சாய்த்த கரை இது.

வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள். பாயை முழுதாக விரித்து, மின்கல இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரே ஆள் ஏணியில்லாமல் அதை மூடிக் காட்டட்டும். நான் மூன்று வண்டிகளில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில்தான் மூட முடிந்தது.