டான் மக்களின் மர முகமூடிகள்

டான் முகமூடிகள் என்பவை மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டின் மேற்குப் பகுதியிலும் லைபீரியாவின் வடகிழக்குப் பகுதியிலும் வாழும் டான் இன மக்கள் மரத்தில் செதுக்கும் முகமூடிகள் ஆகும். காட்டில் வாழும் ஆவி ஒன்று மனிதரிடையே தோன்ற விரும்பி ஒருவரின் கனவில் வருகிறது என்றும், அதன் வடிவமே முகமூடி என்றும் இம்மக்கள் நம்புகின்றனர்.

அமைப்பு

உயர்ந்த நெற்றி, கூரிய தாடை, தடித்த உதடுகள், வழவழப்பான கரிய மேற்பரப்பு ஆகியவை பல முகமூடிகளில் காணப்படுகின்றன. முகத்தை அதிகம் குடையாமல், சில வளைவுகளாலேயே உயிர்ப்பைக் கொண்டுவருவது டான் சிற்பியின் திறமை.

கண்களும் கடமையும்

கீற்றுப் போன்ற கண்களும் முட்டை வடிவ முகமும் கொண்ட டியாங்கிளே சாந்தமானது; விருத்தசேதன முகாமில் இருக்கும் சிறுவர்களுக்காகப் பெண்களிடம் உணவு கேட்டுப் பெறும். வட்டக் கண்களை உடைய சாக்பை, வறண்ட காலத்தில் வீடுகளின் அடுப்புத் தீ அணைக்கப்பட்டதா எனக் கண்காணிக்கும். குன்யே ஓட்டப் போட்டியில் பங்கேற்கும். அகன்ற வட்டக் கண்கள் ஓடுபவருக்கு வழி நன்றாகத் தெரிய உதவுகின்றன. ஆகவே இங்கு அழகும் பயனும் வேறு வேறல்ல.

மதிப்பீடு

டான் முகமூடிகளை ஆராய்ந்தவர்களில் ஜார்ஜ் ஹார்லி, ஹான்ஸ் ஹிம்மல்ஹெபர், எபர்ஹார்ட் ஃபிஷர் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். ஹார்லி 1950-இல் வெளியிட்ட நூலில் முகமூடிகளைச் சமூகக் கட்டுப்பாட்டின் கருவிகளாகக் கண்டார். இப்பார்வை பயனுள்ளது, எனினும் இதை மட்டும் கொண்டால் சிற்பியின் கைத்திறன் பின்னுக்குப் போய்விடும். அருங்காட்சியகங்களோ இதற்கு நேர்மாறாக, வடிவத்தை மட்டும் போற்றுகின்றன. உடை, தலையணி, குரல், ஆட்டம் ஆகியவை சேர்ந்ததே முழு முகமூடி. கண்ணாடிப் பேழைக்குள் எஞ்சுவது அதன் முகம் மட்டுமே.

ஒரே முகமூடி தன் வாழ்நாளில் கடமை மாறி உயர்நிலை அடைவதும் உண்டு. எனவே கண் வடிவத்தை மட்டும் பார்த்து வகைப் பெயர் எழுதுவது பிழைக்கு இடம் தரும். சிற்பிகள் தம் ஊர்களில் பெயர் சொல்லி அறியப்பட்டவர்கள். ஆனாலும் பல காட்சிக் குறிப்புகளில் இனத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. வழவழப்பைப் பாராட்டுவோர், அதை உருவாக்கியவரின் பெயரையும் அதை அணிந்தவரின் ஆட்டத்தையும் தேடும்போதே இக்கலைக்கு உரிய நீதி கிடைக்கும்.