பாறை போட்ட வரைபடம்

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் சார்ன்வுட் என்றொரு மேட்டுப் பகுதி. நாட்டின் மிகப் பழைய பாறைகளில் சில அங்கேதான் மண்ணுக்கு மேல் தலைகாட்டுகின்றன. அதன் சரிவொன்றில், கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் கிம்சன் 1898-99இல் தன் அண்ணன் சிட்னியின் கோடை வாசத்துக்காகக் கட்டிய கல் வீடு ஸ்டோனிவெல்.

வீடு கட்டுகிறவர்கள் முதலில் மனையைச் சமன் செய்வார்கள். கிம்சன் அதில் கை வைக்கவில்லை. பாறை எழுந்த இடத்தில் தரையும் எழுந்தது. பாறை திரும்பிய இடத்தில் சுவரும் திரும்பியது. உள்ளே ஏழு மட்டங்கள். அறைக்கு அறை படி ஏறி இறங்கியே நடமாட வேண்டும்.

புகைபோக்கியின் அடியில் நின்று பார்க்க வேண்டும். கீழே பெரும் பெரும் கற்கள் செதுக்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன. பாறை எங்கே முடிந்தது, கொத்து வேலை எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துச் சொல்வது கடினம். இன்னொரு கட்டடக் கலைஞரான டெட்மார் ப்ளோ கொத்தனார்களோடு கூடவே நின்று எழுப்பிய சுவர்கள் இவை. சுற்றுவட்டாரத்துக் கல்லே போதுமாயிருந்தது.

கூரை முதலில் வேய்ந்த கூரை. கோதுமைத் தாளோ நாணலோ, வேய்ந்த கூரைக்குச் செங்குத்தான சரிவு தேவை. அப்போதுதான் மழைநீர் உள்ளே ஊறாமல் தாளுக்குத் தாள் வழிந்து இறவாரத்தில் சொட்டும். 1939இல் அந்தக் கூரை தீக்கிரையானது. பிறகு ஏறியது உள்ளூர் ஸ்வித்லண்ட் ஸ்லேட்டு. தடித்த, சொரசொரப்பான கல். வேய்ந்த கூரையின் மென்மை போய்விட்டது, உண்மைதான். ஆனால் சுவரும் கூரையும் ஒரே மண்ணிலிருந்து வந்தவையானதால் வீடு முன்னைவிட இறுக்கமாக நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு விபத்து கட்டடத்துக்கு இவ்வளவு பொருந்திப்போவது அபூர்வம்.

கிம்சன்கள் லெஸ்டரில் இயந்திரத் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம். வசதியானவர்கள் விடுமுறைக்குக் குடியானவர் வேடம் போட்டார்கள் என்று குறை சொல்லலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேடமாக இருந்தால் செங்கல் சுவர்மேல் கல்லை ஒட்டியிருப்பார்கள். இங்கே கல்லேதான் சுவர். பாரம் முழுவதையும் அதுவே தாங்குகிறது.

2015 முதல் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் ட்ரஸ்ட் இந்த வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. மலைச் சரிவை வெட்டி மட்டம் போடுமுன் நம் பொறியாளர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.