உதார் எடுபடாத மேசை

போக்கர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமாதான். கறுப்புக் கண்ணாடி, அசையாத முகம், கையில் ஒன்றுமே இல்லாமல் மொத்தப் பணத்தையும் முன்னே தள்ளும் நாயகன், எதிரே வியர்த்து வழிந்து சீட்டை மடக்கும் வில்லன். லாஸ் வேகாஸின் போக்கர் கூடங்களில் இருப்பதிலேயே சின்ன மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், அந்த நாயகனைக் காண முடியாது. வந்திருந்தால் அரை மணி நேரத்தில் காசைத் தொலைத்துவிட்டு எழுந்து போயிருப்பார். அந்த மேசையில் யாரும் மடக்குவதில்லை.

ரசிப்பதற்கு அதுதான் நல்ல மேசை என்பது என் கட்சி. பெரிய மேசைகளில் ஆடுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள். சின்ன மேசையில் ஒன்பது பேருக்கு ஒன்பது பாடம். நடுவில் ஒரே ஒருவர் நன்றாக ஆடத் தெரிந்தவராக இருந்து, தன் ஆட்டத்தை மற்ற எட்டுப் பேருக்கு ஏற்ப வளைத்துக்கொண்டே போனால், அதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரிய வேண்டும்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. டெக்சஸ் ஹோல்டெம்மில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கும். முதலில் மூன்று, அது ஃப்ளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியில் ஒன்று, ரிவர். ஏழில் சிறந்த ஐந்து யாரிடமோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. கேட்ட தொகையைக் கட்டினால் கால், கூட்டினால் ரெய்ஸ், விலகினால் மடக்கு. இரண்டு பேர் மட்டும் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக 1 டாலரும் 2 டாலரும் வைக்க வேண்டும். அதனால்தான் இதற்கு 1-2 மேசை என்று பெயர். 1-3 மேசையும் உண்டு. 200 அல்லது 300 டாலரோடு உட்காரலாம்.

உட்காருகிறவர்கள் யார்? மாநாட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி, ஓய்வு பெற்ற வாத்தியார், நண்பனின் கல்யாணத்துக்கு முன் கும்பலாக வந்த பையன்கள், தினமும் வரும் உள்ளூர்ப் பெரியவர். பெரும்பாலோர் ஆட வந்தவர்கள். விமானம் ஏறி வந்துவிட்டுச் சீட்டை மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்க யாருக்கு மனசு வரும்? எனவே 2 டாலரைப் போட்டு ஃப்ளாப் பார்ப்போம் என்று ஐந்தாறு பேர் உள்ளே வருவார்கள். ஏற்றாமல் இப்படிச் சும்மா நுழைவதற்கு லிம்ப் என்று பெயர். லிம்ப்பும் காலுமாகவே ஓடும் மேசைதான் லூஸ் மேசை.

இதில் முதலில் மாறுவது சீட்டுகளின் மதிப்பு. இரண்டு ஏஸ் வந்தால் அதைவிடப் பெரிய கை கிடையாது. எதிரே ஒருவர் ஏதோ இரண்டு சீட்டோடு கடைசிவரை நின்றால் ஏஸ் ஜோடி 100-க்கு 85 முறை ஜெயிக்கும். நான்கு பேர் நின்றால் 56 முறை. எட்டுப் பேரும் நின்றால் 35 முறைதான். லூஸ் மேசையில் கேட்கும் புலம்பலில் பாதி இந்தக் கணக்கு தெரியாததால் வருவது. "இந்த முட்டாள்களை ஜெயிக்கவே முடியாது, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு வருகிறார்கள்" என்பார் பாடம் படித்து வந்தவர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவரும் செய்வது தப்புத்தான். ஐந்து பேர் சேர்ந்து செய்யும்போது அந்தத் தப்புகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொள்கின்றன. எட் மில்லர், டேவிட் ஸ்க்லான்ஸ்கி, மேசன் மால்மத் மூவரும் 2004-இல் சின்ன மேசைகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதியதற்கு இதுதான் காரணம்.

எனவே நல்ல ஆட்டக்காரர் கூட்டத்தைக் குறைக்கப் பார்ப்பார். பார்வையாளர் கவனிக்க வேண்டிய முதல் இடம் இது. தொலைக்காட்சியில் 2 டாலரை 5 ஆகவோ 6 ஆகவோ ஏற்றுவார்கள், எதிராளி மடக்குவார். இங்கே 6 டாலர் என்றால் மேசை மொத்தமும் சிரித்த முகத்தோடு கட்டிவிடும். நம் நல்ல ஆட்டக்காரர் 15, 20 என்று கேட்பார். பார்ப்பவருக்கு நாகரிகமில்லாததுபோலத் தோன்றும். அது அந்த மேசையின் விலைவாசி.

ஒரு கையை மெதுவாகப் பார்ப்போம். நான்கு பேர் லிம்ப். நம் ஆள் கடைசியாகப் பேசுகிற இடத்தில் இருக்கிறார், 200 டாலர் வைத்திருக்கிறார், கையில் ஏஸ்-ராஜா. 20 என்கிறார். மூன்று பேர் கட்டுகிறார்கள், நடுவே 85 டாலர். ஃப்ளாப்பில் ராஜா, 9, 4. அதில் இரண்டு ஆட்டின். எல்லோரும் பணம் வைக்காமல் மேசையைத் தட்டிவிட, நம் ஆள் 60 வைக்கிறார். கையில் இரண்டு ஆட்டின் வைத்திருப்பவருக்கு அடுத்த சீட்டில் இன்னோர் ஆட்டின் வந்து ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமையும் வாய்ப்பு 100-க்கு 19. அந்த ஒரு சீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், 60 கொடுக்க 29 இருந்தால்தான் கட்டுப்படியாகும். அது தெரிந்துதான் 60. விற்பனைப் பிரதிநிதி மட்டும் கட்டுகிறார். டர்னில் ஒன்றுக்கும் உதவாத ஒரு 2. நம் ஆள் மிச்சமிருக்கும் 120-ஐயும் தள்ளுகிறார். எதிரே இருப்பவர் தன் இரண்டு சீட்டையும் ஓரம் தூக்கிப் பார்க்கிறார், ஏற்கெனவே இரண்டு முறை பார்த்ததைத்தான். "உங்ககிட்ட பெருசா இருக்குன்னு தெரியுது" என்கிற மாதிரி ஏதோ முனகிக்கொண்டே பணத்தைப் போடுகிறார். அவரிடம் ராஜா-10. ரிவரிலும் 10 வரவில்லை. நடுவே சேர்ந்த பணம், அதாவது பாட், 445 டாலர்.

இதில் எங்கே சாமர்த்தியம் என்று கேட்பீர்கள். நல்ல சீட்டு வந்தது, பணம் வைத்தார், ஜெயித்தார். சாமர்த்தியம் 60 என்ற எண்ணிலும் 120 என்ற எண்ணிலும் இருக்கிறது. இதே கையைக் கெட்டிக்காரர்கள் மத்தியில் ஆடினால் 30 வைத்துவிட்டு டர்னில் தட்டிவிடுவார். அவர்கள் ராஜா-10-ஐ வைத்துக்கொண்டு 120 கட்ட மாட்டார்கள். இவர் கட்டுவார் என்பதை நம் ஆள் ஒரு மணி நேரம் முன்பே, தான் ஆடாத ஏதோ ஒரு கையில் பார்த்து வைத்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த இரண்டு நிமிடம் ருசிக்கும்.

அவர் செய்யாததையும் பார்க்க வேண்டும். இது கொஞ்சம் கஷ்டம். அதே ஏஸ்-ராஜாவுக்கு ஃப்ளாப்பில் ஏஸோ ராஜாவோ வருவது மூன்றுக்கு ஒரு முறைதான். 8, 7, 6 என்று திறந்து, எதிரே மூன்று பேர் இருந்தால்? பாட்டில் 60 இருக்கும்போது 30-க்கு உதார் விட்டால், மூன்றில் ஒரு முறை பலித்தாலே போதும். ஒரே ஒரு எதிராளி, அவர் 100-க்கு 60 முறை மடக்குவார் என்றால் கொழுத்த லாபம். அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர் இருந்தால், மூவரும் ஒருசேர மடக்குவது 100-க்கு 22 முறைதான். நஷ்டம். லூஸ் மேசையில் ஒருவர்கூட 60 முறை மடக்குகிறவர் இல்லை என்பது வேறு விஷயம். எனவே நம் ஆள் ரம்மியில் ஸ்கூட் விடுவதுபோலச் சத்தமில்லாமல் சீட்டைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். உதார் விடத் தெரிந்த ஒருவர் விடாமல் இருக்கிறார். அந்த இடத்தில் கைதட்டத் தோன்றினால் நீங்கள் ரசிகராகிவிட்டீர்கள்.

போக்கரில் உதாருக்கும் கணக்கு உண்டு என்று கணித மேதை ஜான் வான் நாய்மன் 1944-இலேயே எழுதி வைத்தார். அந்த வழியில் போனவர்கள் 2019-இல் ப்ளூரிபஸ் என்ற கணினி நிரலைச் செய்து, ஆறு பேர் ஆட்டத்தில் தேர்ந்த தொழில்முறைக்காரர்களையே தோற்கடித்தார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்று அது பார்ப்பதே இல்லை. யார் வந்தாலும் அதற்கு ஒரே ஆட்டம். தோற்காமலிருக்க அதுவே போதுமாயிருந்தது. எதற்கும் கால் சொல்கிற பிரதிநிதியிடமிருந்து கூடுதலாகப் பணம் எப்படி வாங்குவது என்பதற்கு அவரைப் பார்த்தாக வேண்டும். வான் நாய்மன் வழியில் வராத அந்தப் பாதி ஆட்டம் இந்த மேசைகளில்தான் மிச்சமிருக்கிறது.

சின்னச் சீட்டுகளின் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ராஜா-ஜாக்கி போன்ற பகட்டான கைகள் கூட்டத்தில் எடுபடாது, ஒற்றை ஜோடியோடு மாட்டிக்கொள்ளும். 4-4 மாதிரி சின்ன ஜோடிக்கு மவுசு ஏறும். 100-க்கு 12 முறைதான் ஃப்ளாப்பில் மூன்றாவது 4 வரும். வந்தால் கட்டுவதற்கு ஆள் காத்திருக்கிறது.

இன்னொரு காட்சியைத் தவறவிடாதீர்கள். நாலு மணி நேரமாகக் கால் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் ரிவரில் திடீரென்று ரெய்ஸ் என்பார். பாடம் படித்து வந்தவர் "உதாராக இருக்குமோ" என்று ஐந்து நிமிடம் யோசித்துக் கட்டித் தோற்பார். நம் ஆள் இரண்டு ஜோடியைப் பிடித்திருந்தாலும் பேசாமல் மடக்குவார். பெரியவர் பரிதாபப்பட்டுத் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினால் அங்கே ஃப்ளஷ் இருக்கும். மைக் கேரோ 1984-இல் ஆட்டக்காரர்களின் உடல்மொழி பற்றி எழுதிய புத்தகத்தின் சாரம் இது: கையில் ஒன்றும் இல்லாதவர் பலசாலி வேஷம் போடுவார், பலம் உள்ளவர் பாவம்போல இருப்பார். சின்ன மேசையில் இன்னும் அது செல்லுபடியாகிறது.

நேரில் பார்க்கிறவருக்கு ஒரு குறை உண்டு. தொலைக்காட்சியில் எல்லோருடைய சீட்டும் தெரியும். ஹென்றி ஓரன்ஸ்டைன் காப்புரிமை பெற்ற அந்த ஏற்பாடுதான் போக்கரையே பார்க்கத் தகுந்த ஆட்டமாக்கியது. சின்ன மேசையில் கேமரா கிடையாது. ஆனால் லூஸ் மேசைக்கே உரிய சலுகை ஒன்று இருக்கிறது. மடக்குகிறவர்கள் குறைவு என்பதால் கடைசியில் சீட்டைத் திருப்பிக் காட்டும் கட்டம் அடிக்கடி வரும். யார் எதை வைத்துக்கொண்டு எவ்வளவு கட்டினார் என்று அப்போது பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலோர் யார் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள். தோற்றவரின் சீட்டில்தான் செய்தி இருக்கிறது. தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள், ஆடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் போகாதீர்கள், கை முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள். வேகாஸ் போக வசதியில்லாதவர்கள் ஆண்ட்ரூ நீம், பிராட் ஓவன் ஆகியோரின் யூடியூப் பதிவுகளில் 1-3, 2-5 மேசைகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஏன் இவ்வளவு வைத்தேன் என்று அவர்களே வாய்விட்டுச் சொல்வார்கள்.

பார்ப்பது வேறு, இறங்குவது வேறு. சின்ன மேசையில் மணிக்கு 25, 30 கை ஆடப்படும். கைக்கு 4, 5 டாலரைச் சூதாட்ட விடுதி எடுத்துக்கொண்டால் மணிக்கு 100 டாலருக்கு மேல் மேசையைவிட்டே போய்விடுகிறது. மற்றவர்களைவிட நன்றாக ஆடினால் மட்டும் போதாது, இந்தக் கழிவையும் தாண்டி நன்றாக ஆட வேண்டும். பெரும்பாலோரால் முடியாது. நம் ஊரில் இணையத்திலாவது ஆடலாமா என்றால், அதற்கும் வழியில்லை. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று கூறி, தமிழக அரசின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் அவற்றுக்கிருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் நீக்கியது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. ஆகவே செல்போனில் ருசி பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம்.

அதற்குத் தேவையும் இல்லை. விடுமுறைக்குச் சொந்தக்காரர்கள் கூடும்போது ஒரு சீட்டுக்கட்டை எடுங்கள், ஆளுக்கு 100 புளியங்கொட்டை கொடுங்கள். காசு இல்லை என்பதால் ஒருவரும் மடக்க மாட்டார்கள். வேகாஸ் 1-2 மேசையைவிட லூஸான மேசை உங்கள் கூடத்திலேயே அமைந்துவிடும். முதல் அரை மணி நேரம் அதிகம் ஆடாமல், யார் எதைக் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பிறகு நல்ல சீட்டு வரும்போது மட்டும் தாராளமாக வையுங்கள். சித்தப்பாவிடம் மட்டும் உதார் விட்டுப் பார்க்காதீர்கள், அவர் மடக்கப்போவதில்லை.