இலையின் பச்சை எந்த ஊர்ப் பச்சை?

இன்னும் கட்டாத வீட்டைக் காட்டும் கணினிப் படங்களில் சுவரும் கண்ணாடியும் அசலை நெருங்கிவிட்டன. இலைதான் இன்னும் காட்டிக்கொடுக்கிறது.

இத்தனைக்கும் இலை செய்யும் நுட்பம் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. இலையின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்கிறார்கள். பின்னாலிருந்து விளக்கடித்து எடுக்கும் இன்னொரு படம், எந்த இடத்தில் எவ்வளவு ஒளி ஊடுருவுகிறது என்று சொல்லிவிடும். வி-ரே போன்ற மென்பொருளில் ஒரே இலைக்கு மேற்பரப்பு ஒன்றும் அடிப்பரப்பு ஒன்றுமாக இரண்டு மெட்டீரியல் (பரப்பின் நிறமும் ஒளித்தன்மையும்) கொடுக்கலாம். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்துக்கு இது கட்டாயம் வேண்டும். அதன் இலை மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளிநிறம். காற்றடித்தால் மரமே நிறம் மாறும். அதை இவ்வளவு நேர்மையாகக் காட்ட முன்பு வழியில்லை.

குறை எங்கே வருகிறது? முதலில் நிறத்தில். உயிருள்ள இலை சிவப்பு, நீல ஒளியை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையிலும் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அந்தப் பங்கைக் கூட்டி வைத்தால், ஓர் இலையின் ஒளி அடுத்ததில் பட்டுப்பட்டுத் தோட்டமே பிளாஸ்டிக்காக மின்னும். அடுத்து வயது. தேயிலைச் செடியில் கொழுந்து மெல்லியது, மஞ்சள் கலந்தது, வெயிலை உள்ளே விடும். கீழேயுள்ள முற்றிய இலை தடித்தது, பளபளப்பானது, வெயிலை மறிக்கும். இரண்டுக்கும் ஒரே மெட்டீரியலைப் போட்டுச் செடியை ஆயிரம் நகல் எடுத்தால் மலைச்சரிவு பச்சைக் கம்பளமாகிவிடுகிறது.

என்னை அதிகம் உறுத்துவது இடம்தான். போலந்தின் எவர்மோஷன், சுவீடனில் தொடங்கிய குவிக்செல் போன்ற முப்பரிமாண மாதிரி நூலகங்களின் செடிகளில் வேலை சுத்தம். ஆனால் எல்லா மனைக்கும் அவற்றையே இறக்கினால் ஊர் மறைந்துபோகும். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பனையில் காவோலை கழுத்தைச் சுற்றித் தொங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓலை நுனியைக் கிழித்து வைத்திருக்கும். படத்தில் வரும் பனைக்கு அழுக்கும் இல்லை, காவோலையும் இல்லை. மூணாற்றிலிருந்து மறையூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அது மழை மறைவுப் பகுதி. அதைத் தாண்டிச் சின்னாறு போனால் முட்புதர்க்காடு. மறையூரில் விற்கும் மனைக்கு மூணாற்றுப் பச்சையைப் பூசுவது வாங்குபவரை ஏமாற்றுவதுதான். அந்தப் பச்சையை நம்பிப் புல்தரை போட்டவர் கோடையில் தண்ணீருக்கு எங்கே போவார்?

உள்ளூர் இலைகளைச் சேகரிக்க நேரமில்லை என்பார்கள். ஸ்கேனரும் ஒரு விளக்கும் இருந்தால், ஒரு மனையைச் சுற்றியுள்ள முக்கியமான இலைகளுக்கு ஒரு காலைப்பொழுது போதும். இத்தனை இலைகளைக் கணினியின் நினைவகம் தாங்காது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனாலும் கொழுந்து, முற்றல், சருகு என்று மூன்று வகை செய்து கலந்து பரப்பினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். அதோடு மழைக்காலப் படம் ஒன்று, ஏப்ரல் மாதப் படம் ஒன்று என இரண்டையும் வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும்.