அட்டைக்குள் இன்னொரு ஆண்ட்ராய்டு

அமெரிக்கப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் 2010 நவம்பரில் 249 டாலருக்குக் கொண்டுவந்த நூக் கலர், பெயருக்குத்தான் மின்நூல் படிப்பான். ஏழு அங்குல வண்ணத்திரை, 512 எம்பி ராம். உள்ளே ஓடியதும் ஆண்ட்ராய்டுதான், புத்தகக் கடை வேஷம் கட்டிக்கொண்டு.

எனக்குப் பிடித்தது அதன் பின்புற மூலையில், குட்டி மூடிக்கு அடியில் இருக்கும் மைக்ரோ எஸ்டி துளை. ஆன் செய்ததும் கருவி முதலில் அந்தக் கார்டைத்தான் பார்க்கும். ஆர்வலர்கள் உருவாக்கிய ஆண்ட்ராய்டு வடிவமான சயனோஜென்மாட் 7 ஏற்றிய கார்டைச் செருகினால் முழு டேப்லெட். கார்டை உருவிவிட்டு மறுபடி ஆன் செய்தால் பழைய சாதுவான படிப்பான். உள்நினைவகத்தில் கை வைக்கவே வேண்டாம். சாதனம் செத்துவிடுமோ என்ற பதற்றமில்லாமல் நோண்ட இப்படி ஒரு பொருள் வாய்ப்பது அபூர்வம்.

முன்பக்கம் ஒரே ஒரு பொத்தான். ‘பேக்’ பட்டன் கிடையாது. ஆர்வலர்கள் அதைத் திரையில் ஓடும் பட்டையிலேயே வரைந்து வைத்தார்கள். அதைவிட ருசியானது புளூடூத் கதை. வைஃபை சிப்பிலேயே அதுவும் இருந்தது, விற்றவர்கள் மூச்சுவிடவில்லை. ஆர்வலர்கள் தட்டி எழுப்பினார்கள். என்ன, கையெட்டும் தூரம் தாண்டினால் திணறும். இருந்தாலும் கீபோர்டு வைத்துத் தட்டச்சு செய்ய அது போதும்.